கூடினாலும் திறக்காது, குறைந்தாலும் திறக்காது

(திண்டுக்கல்லில் கல்லூரி மாணவர்களும் ஆய்வக நுட்பநர்களும் பட்டறைக்காரர்களும் கலந்துகொண்ட மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கும் தெரியட்டும் என்று இதைத் தூக்கிப் பிடிக்கிறேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி, மொத்தம் 96. நம் வீட்டுப் பல்லாங்குழிப் பலகையில் பதினான்கு குழிதான். அதில் புளியங்கொட்டை போட்டு ஆடுவோம். இதில் ஒவ்வொரு குழிக்கும் ஒருவருடைய இரத்தநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது. பல்லாங்குழியில் ஒரு குழி தவறினால் ஆட்டம்தான் போகும். இதில் தவறினால் ஒருவருடைய காய்ச்சலுக்குத் தப்பான பெயர் எழுதிவிடுவோம்.

இதற்கு எலைசா தட்டு என்று பெயர். டெங்கு வந்திருக்கிறதா என்று அரசு மருத்துவமனைகளில் உறுதி செய்வது பெரும்பாலும் இதில்தான். அதற்கான கிட்டைப் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் தயாரித்து அனுப்புகிறது. ஐப்பசி மழை விட்டதும் காய்ச்சல் வார்டு நிரம்பும். அப்போது நம் ஊர் ஆய்வகத்தில் அதிகம் வேலை பார்ப்பது இந்தத் தட்டுதான்.

மனிதனுக்கு மட்டுமில்லை, வாழைக்கும் இதே தட்டுதான். சிறுமலை வாழைப்பழமும் விருப்பாச்சி வாழைப்பழமும் புவிசார் குறியீடு பெற்றவை. பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு அந்த ருசி வந்தது விருப்பாச்சிப் பழத்தால் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மலைத்தோட்டங்களை அழித்தது முடிக்கொத்து நோய். அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் அது. ஒருமுறை பிடித்த மரத்துக்கு மருந்து கிடையாது. திசு வளர்ப்பில் நல்ல கன்று எடுத்து மறுபடி நடலாம். ஆனால் தாய்க்கன்றில் வைரஸ் இல்லை என்று சோதித்த பிறகுதான் அதிலிருந்து ஆயிரக்கணக்கில் பெருக்க வேண்டும். அந்தச் சோதனைக்கும் எலைசா உண்டு, பி.சி.ஆர். உண்டு. எப்படிப் பார்த்தாலும் குழி குழியாக அளந்து ஊற்றுகிற வேலைதான்.

அந்த வேலையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

ஒருநாள் ஓர் ஆய்வகத்தில் நுட்பநராக இருக்கும் தங்கை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஒரு தட்டை முடிக்கும்வரை நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். மாதிரி ஊற்றினார், ஊறவைத்தார், கழுவினார். அடுத்த மருந்து ஊற்றினார், ஊறவைத்தார், கழுவினார். மூன்று கட்டக் கழுவல், கட்டத்துக்கு ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் 96 குழியும் நிரம்ப வேண்டும், பிறகு தட்டைக் கவிழ்த்து டிஷ்யூ தாளில் டப் டப் என்று தட்டி ஈரத்தை எடுக்க வேண்டும். குழி நிரப்புவது மட்டும் 1,440 தடவை! அவரிடம் எட்டு முனைப் பிப்பெட் இருந்ததால் அது 180 அழுத்தலாகக் குறைந்தது. முடித்ததும் கட்டைவிரலின் அடியைத் தடவிக்கொண்டே, "மாதிரி ஊத்துறது கஷ்டமில்லை சார். அதுல மனசு நிக்குது. இந்தக் கழுவுறதுதான்... நடுவுல யாராவது கூப்பிட்டா எத்தனாவது தடவைன்னு மறந்துபோகுது" என்றார்.

கருவி செய்கிறவன் காது கொடுக்க வேண்டிய இடம் இது. என்னைப் போன்ற பொறியாளனிடம் ஆய்வகத் தானியங்கி என்று சொன்னால் உடனே ரோபோக் கை நினைவுக்கு வரும். அது பிப்பெட்டைத் தூக்கும், நகரும், ஊற்றும், பார்க்க அழகாக இருக்கும். அந்தத் தங்கைக்கு அது வேண்டாம். எண்ணிக்கை மறக்காமல் கழுவித் தருகிற ஒன்று போதும். மனசு நிற்கிற வேலையை மனிதரிடம் விட்டுவிட்டு, மனசு நிற்காத வேலையை எந்திரத்திடம் கொடுக்க வேண்டும். நம் வீட்டு கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1955 வாக்கில் கோவையில் சபாபதி மாவரைக்கும் எந்திரம் செய்தபோது இட்லி சுடும் கையை அவர் தொடவில்லை. தோளை இறக்கிய ஆட்டுக்கல்லின் சுற்றலை மட்டும்தான் எடுத்துக்கொண்டார். எவ்வளவு உளுந்து, எப்போது தண்ணீர் தெளிப்பது, மாவு பொங்கியதா என்று பார்ப்பது எல்லாம் இன்றும் அம்மாவின் கணக்கில்தான் இருக்கிறது.

இந்தத் தட்டின் கதையே பற்றாக்குறையில் பிறந்ததுதான். 1951-ல் ஹங்கேரியில் டாக்டர் ஜூலா டகாச்சி என்பவர் இன்புளுவென்சாவை ஆராய்ந்துகொண்டிருந்தார். தேவையான கண்ணாடிக் குழாய்களும் பிப்பெட்டுகளும் வாங்க வழியில்லை. அக்ரிலிக் பலகையை எடுத்துத் தானே குழி குடைந்தார். ஆறு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. பிறகு அது எட்டு வரிசையாக வளர்ந்து உலகத்துக்கே பொது அளவாயிற்று. இன்று எந்த நாட்டில் வாங்கினாலும் குழிக்கும் குழிக்கும் நடுவே 9 மில்லிமீட்டர்தான். ஆய்வகத்துக்கு வெளியே யாராலும் ஒரு துணைக்கருவி செய்ய முடிகிறதென்றால் அந்த 9 மில்லிமீட்டர் மாறாமல் இருப்பதால்தான்.

பிப்பெட்டும் அப்படித்தான். எங்கள் காலத்து ஆசிரியர்கள் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித்தான் அளந்தார்கள். கவனம் பிசகினால் திரவம் வாய்க்கே வந்துவிடும். 1957-ல் ஜெர்மனியில் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹைன்ரிக் ஷ்னிட்கர் இந்த வேலையில் சலித்துப்போய், ஸ்பிரிங்கும் பிஸ்டனும் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துகிற பிப்பெட்டைச் செய்தார். இன்று உலகத்தில் பிப்பெட் இல்லாத உயிரியல் ஆய்வகம் கிடையாது. இரண்டு பேரும் பெரிய கருவித் தொழிற்சாலைக்காரர்கள் இல்லை. வேலை செய்த மேசையிலேயே கருவியைக் கண்டுபிடித்தவர்கள்.

அப்படியானால் நம் மேசைகளில் கழுவும் எந்திரம் ஏன் இல்லை என்று கேட்கலாம். எந்திரமே இல்லாமல் இல்லை, வந்த எந்திரம் ஓடவில்லை.

நான் போன ஓர் இடத்தில் ஒரு தட்டுக் கழுவும் எந்திரம் இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு. பூப்போட்ட துணி உறை போட்டிருந்தார்கள். உறையைத் தூக்கினால் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பொட்டு வைத்து வந்திருக்கிறார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அந்தப் பொட்டு அழுத்தமாகப் படிந்திருந்தது. ஓடி எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டேன். ஊசி அடைத்துக்கொண்டதாம். சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும். வந்து பார்க்கவே தனிக் கட்டணம், ஊசித் தொகுதி மாற்ற இன்னொரு தொகை. பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு அந்த வருடம் பணம் ஒதுக்கவில்லை. வாங்கும்போது விலை குறைந்த டெண்டர்தான். பூட்டி வைத்ததில் அது மிக விலை உயர்ந்ததாகிவிட்டது.

மலிவு என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொண்டேன் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். வாங்குகிற விலை மலிவின் ஒரு பாதிதான். நின்றுபோனால் அதை யார் திறப்பார், எங்கே உதிரி கிடைக்கும், எத்தனை நாளில் மறுபடி ஓடும் என்பது மறு பாதி. பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ரிப்பேர் ஆகிறது என்றால்தான் அது இந்த ஊருக்கு மலிவான கருவி.

இதை மனதில் வைத்துக்கொண்டு நாங்கள் சிலர் ஒரு கழுவும் கருவி செய்யத் தொடங்கினோம். உள்ளே இருப்பது இவ்வளவுதான். மருந்துக்கடையில் வாங்கிய 50 மில்லி சிரிஞ்சு. அதன் தண்டைத் தள்ள ஒரு மரையாணி. மரையாணியைத் திருப்ப ஸ்டெப்பர் மோட்டார், த்ரீடி பிரின்டரில் இருக்கிற அதே மோட்டார். ஒரு சுற்றை 200 அடியாகப் பிரித்து அது நகரும். நாங்கள் போட்ட மரையாணி ஒரு சுற்றுக்கு 2 மில்லிமீட்டர் முன்னே போகும். ஆக ஓர் அடிக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. சிரிஞ்சின் முனையில் எட்டு ஊசி, 9 மில்லிமீட்டர் இடைவெளியில். ஒரு குழிக்கு 300 மைக்ரோலிட்டர், எட்டுக்கு 2.4 மில்லி, பன்னிரண்டு பத்திக்கு 28.8 மில்லி. ஒரு சிரிஞ்சு நிறைத்தால் ஒரு தட்டு நிரம்பும். மோட்டாரை ஓட்ட அர்டுயினோ பலகை. 2005-ல் இத்தாலியில் மாணவர்களுக்காகச் செய்தது அது. வரைபடத்தைத் திறந்தே வைத்ததால் இன்று சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பட்டறைக் கூலி உட்பட நான்காயிரம் ரூபாய்க்குள் முதல் கருவி முடிந்தது. அதற்கு முன்னால் மூன்று மாதம் தோற்றோம், அந்தக் கூலியை யாரும் கணக்கில் எழுதவில்லை.

இந்த யோசனை எங்களுடையது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா பியர்ஸ் குழு 2014-லேயே சிரிஞ்சு பம்பின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வெளியிட்டுவிட்டது. அதே ஆண்டு நியூயார்க்கில் ஓபன்ட்ரான்ஸ் என்ற இளைஞர் குழு, பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி, சில ஆயிரம் டாலரில் பிப்பெட் ரோபோ செய்யக் கிளம்பியது. அதுவரை அந்த வகை எந்திரம் பெரிய மருந்துக் கம்பெனிகளுக்கு மட்டும் எட்டுகிற விலை. ஆனாலும் சில ஆயிரம் டாலர் என்பது, இறக்குமதி வரியும் சேர்ந்தால், நம் ஊர்க் கல்லூரித் துறை ஒன்றுக்கு எட்டாக் கனிதான்.

சரி, எட்டு ஊசியை வரிசையாகப் பிடிக்க ஒரு கட்டை வேண்டும். எட்டுத் துளை, நடுவில் 9 மில்லிமீட்டர், எல்லாம் ஒரே ஆழம். பிரின்டரில் அச்சடித்தோம். சித்திரை மாதம். பைக் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோய்த் திறந்தால் கட்டை வெற்றிலை போல வளைந்து கிடந்தது. அந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரியில் இளகிவிடும். நம் ஊர் வெயிலில் மூடிய பெட்டிக்குள் சூடு எவ்வளவு ஏறும் என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரியாது, எனக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் பூட்டுப் பட்டறைக்குப் போனேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். கிடைத்தபோது பட்டறைகள் ஏற்கெனவே குறைந்துவிட்டிருந்தன என்பதும் தெரியும். அலிகாரிலிருந்து வருகிற எந்திரப் பூட்டு விலையோடு கைப்பூட்டால் போட்டி போட முடியவில்லை. நான் போன பட்டறையில் பெரியவர் ஒருவர் தனியாக மாங்காய்ப் பூட்டுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். வரைபடத்தைக் காட்டினேன். அதைப் பார்க்கவில்லை, தட்டை வாங்கிப் பார்த்தார். "எத்தனை ஊசி, எட்டா? எட்டு லீவர் பூட்டுன்னு நெனச்சுக்கறேன்" என்றார். நான்கு நாளில் பித்தளையில் ஒரு கட்டை வந்தது. துளைக்குத் துளை முடியளவு மாற்றமில்லை. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

இரண்டு வாரத்தில் அது பச்சையாகக் களிம்பேறியது.

தவறு பெரியவருடையதில்லை. கழுவும் திரவத்தில் உப்பு இருக்கிறது, உப்பு பித்தளையை விடாது. செம்பு கரைந்து குழிக்குள் போனால் நிறம் காட்டுகிற நொதியைக் கெடுக்கலாம். அதைவிட மோசம், சில கரைசல்களில் கெடாமல் இருக்கச் சோடியம் அசைடு சேர்ப்பார்கள். அது செம்போடும் பித்தளையோடும் சேர்ந்து வெடிக்கும் உப்பாக மாறக்கூடியது. இதை நான்தான் முன்பே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுப் பித்தளைக்குப் புளி போட்டுத் துலக்கிக்கொள்ளலாம், இதற்குப் புளி உதவாது. உண்மையைச் சொன்னேன். "பித்தளை ஆகாதுன்னா நைலான் குடுங்க" என்று கேட்டு வாங்கி, லேத்தில் கொடுத்துத் துளையிட்டுத் தந்தார். ஊசிகளைத் துருப்பிடிக்காத எஃகில் போட்டோம். இன்றைக்கும் அந்தப் பித்தளைக் கட்டை என் மேசையில் தாள் பறக்காமல் வைக்கப் பயன்படுகிறது.

அடுத்தது அளவு சரிபார்ப்பது. தண்ணீர் ஒரு மைக்ரோலிட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். நகைக்கடைத் தராசு நம் ஊரில் கிடைக்காத பொருளா? ஒரு பத்திக்கு ஊற்றுகிற தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்துப் பத்துத் தடவை நிறுத்தோம். 2.4 கிராம், 2.39, 2.4. சதவிகிதம் போட்டுப் பார்த்துக் கையைத் தட்டிக்கொண்டோம். பெருமையாகக் கருவியைப் பெரியவரிடமே தூக்கிப்போய்க் காட்டினேன்.

அவர் தட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தார். "அஞ்சாவது குழி கொறையுது தம்பி" என்றார். எனக்குத் தெரியவில்லை. தண்ணீரில் கொஞ்சம் கேசரிப் பவுடர் போட்டு மறுபடி ஊற்றிப் பார்த்தேன். உண்மைதான், ஐந்தாவது வரிசை முழுக்க ஓரளவு தாழ்ந்திருந்தது.

"மொத்தத்துல சரியாத்தான் இருக்கு ஐயா, தராசு வச்சுப் பாத்தாச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மேசையிலிருந்த திறந்த பூட்டை என் பக்கம் திருப்பினார். லீவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு. சாவி ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் எல்லா வெட்டும் ஒரே கோட்டுக்கு வந்து தாழ்ப்பாள் நகரும். "கூடினாலும் தெறக்காது, கொறஞ்சாலும் தெறக்காது. ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கினா மொத்தம் சரிதானேன்னு பூட்டு விடுமா? அது ஒவ்வொண்ணாத்தான் பாக்கும்."

எட்டு ஊசியில் ஒன்று பாதி அடைத்திருந்தது. முந்தின நாள் திரவம் உள்ளே காய்ந்து உப்பு படிந்துவிட்டது. மோட்டார் அதே தூரம்தான் தள்ளியது. ஐந்தாவது ஊசி விடாததை மற்ற ஏழும் பங்கிட்டுக்கொண்டன. மோட்டார் சொன்ன கணக்கும் சரி, தராசு சொன்ன கணக்கும் சரி. ஐந்தாவது வரிசையில் பன்னிரண்டு பேருடைய முடிவு மட்டும் தப்பாகியிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது.

அன்றைக்கு அவர் கேட்ட அடுத்த கேள்வியை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். "பூட்டு தப்பா இருந்தா சாவி திரும்பாது, கைக்குத் தெரிஞ்சிரும். இது தப்பா ஊத்துச்சுன்னா, தப்பா ஊத்துறேன்னு சொல்லுமா?"

எளிதாகப் பயன்படுத்துவது என்றால் பொத்தான் குறைவாக இருப்பது என்று அதுவரை நினைத்திருந்தேன். அதுவும் வேண்டும்தான். அந்தத் தங்கை சொல்லித்தான் செல்போன் செயலியைக் கைவிட்டோம். கையுறை போட்ட கையால் போனைத் தொட்டால் போனும் அசுத்தம், கையும் அசுத்தம். அதற்குப் பதிலாகத் தையல் எந்திரத்துக் கால் பெடலை இணைத்தோம். கையில் தட்டு, காலில் பெடல், எத்தனாவது கழுவல் என்பது எதிரே பெரிய எண்ணில். பழகத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை. ஆனால் தன் தவற்றைத் தானே சொல்லாத கருவி எவ்வளவு எளிதாக இருந்தாலும் ஆபத்து. கையால் கழுவுகிறவருக்குத் தடுமாறியது தெரியும், அந்தக் குழியைத் திரும்பப் பார்ப்பார். எந்திரம் தடுமாறும்போதும் அதே முகத்தோடு இருக்கும்.

விடை எங்கிருந்து வந்தது தெரியுமா? வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் நண்பரிடமிருந்து. நூலைக் கோனில் சுற்றுகிற ஆட்டோ கோனர் எந்திரத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு க்ளியரர் உண்டு. அது ஓடுகிற நூலை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும், தடித்தாலோ மெலிந்தாலோ வெட்டிவிடும். "மில்லுல சராசரி நூல்னு ஒண்ணு இல்லங்க. ஒவ்வொரு கோனும் தனித்தனியாப் பாஸாகணும்" என்றார். பூட்டுக்காரர் சொன்னதையே நூல்காரரும் சொன்னார். எட்டு ஊசிக்கும் கீழே எட்டு அகச்சிவப்பு விளக்கு, எட்டு உணரி வைத்தோம். சில ரூபாய்ச் சாமான்கள்தான். ஒரு ஊசியில் ஒழுக்கு குறைந்தால் கருவி நின்று அந்த எண்ணைக் காட்டும். ஜன்னல் வெயில் பட்டால் உணரி குழம்புகிறது, கறுப்புத் தாள் ஒட்டிச் சமாளிக்கிறோம். இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. அதனால் தினமும் காலையில் வண்ணத் தண்ணீர் ஊற்றி ஒருமுறை கண்ணால் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். மாலையில் வேலை முடிந்ததும் கருவி தானாகவே காய்ச்சி வடித்த நீரை உறிஞ்சி ஊசிகளை அலசிக்கொள்ளும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரின் கடுமை உங்களுக்கே தெரியும், அதை உள்ளே விட்டால் உப்பின்மேல் சுண்ணாம்பும் படியும். மின்சாரம் போய்த் திரும்பினால் எந்தப் பத்தியோடு நின்றது என்பதை நினைவில் வைத்துச் சொல்லும். தானாகத் தொடராது, மனிதர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் தொடரும்.

இப்போது ஊரைப் பார்த்துப் பேசுகிறேன். நம்மிடம் எது இல்லை? பூட்டுப் பட்டறையில் நுண்ணளவு தெரிந்த கை இருக்கிறது. மில்லில் மோட்டார், உணரி, டிரைவ் எல்லாம் இரவு ஷிப்டில் கண்ணை மூடிக்கொண்டு சரி செய்யும் ஃபிட்டர்கள் இருக்கிறார்கள். நூற்பு எந்திரமும் ஒருகாலத்தில் கப்பலில்தான் வந்தது. 1956-ல் கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், 1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் என்று வரிசையாக வந்த பிறகு எந்திரமும் அதன் ரிப்பேரும் இந்த மண்ணுக்கு வந்தன. ஆய்வகக் கருவிக்கு அப்படி ஒரு காலம் இன்னும் வரவில்லை.

வந்த இடங்களும் உண்டு. இங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் மதுரை. அங்கே அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992-ல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் செய்யத் தொடங்கியபோது வெளிநாட்டு லென்ஸ் நூறு டாலர் அளவில் இருந்தது. ஆரோலேப் அதைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கியது, பிறகு இன்னும் குறைந்தது. விலை குறைந்ததைவிட, தரச் சான்று வாங்கி நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது ஏற்றுமதியானதுதான் எனக்குப் பெரிய பாடம். மலிவுப் பொருள் என்று யாரும் அதை ஓரம் கட்டவில்லை. கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி இன்னொரு வழி. பேட்டரியில் ஓடி, ஒரு சிறு சிப்பில் காசநோய்க் கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும். 2020-ல் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைக்க முடிகிற அளவுக்கு எளிது. சிப்பும் மருந்தும் அதே கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். நோய் கண்டறியும் கருவிக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையாக இருக்கலாம். கழுவுவது, கலக்குவது, நிரப்புவது போன்ற எடுபிடி வேலைக் கருவிகளுக்கு அது தேவையில்லை. அவை நம் கைக்குத் திறக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நாங்கள் செய்தது ஆராய்ச்சிக்கும் வாழை மாதிரிக்கும் வகுப்பறைக்குமான கருவி. நோயாளியின் முடிவு எழுதுகிற மேசைக்கு அது போக வேண்டுமானால் முறையான சரிபார்ப்பும் சான்றும் வேண்டும். நான்காயிரம் ரூபாய் என்ற பெருமை அங்கே செல்லாது. இன்னொன்று, பல ஆய்வகங்களுக்கு எங்கள் கருவிகூட முதல் தேவையில்லை. நல்ல எட்டு முனைப் பிப்பெட் ஒன்றும் அதை வருடம் ஒருமுறை அளவு சரிபார்ப்பதும் போதும். எந்திரம் விற்க வந்தவன் இதைச் சொல்ல மாட்டான் என்பதால் நான் சொல்கிறேன்.

"இதெல்லாம் வந்தால் எங்கள் வேலை என்னாகும்?" என்று டிப்ளமோ படிக்கிற மாணவி ஒருவர் கூட்டத்துக்கு முன்னால் கேட்டார். மழுப்ப விரும்பவில்லை. ஆட்டோ கோனர் வந்தபோது மில்லில் வைண்டிங் ஆட்கள் குறைந்தது உண்மை. கருவியை யார் வாங்குகிறார், எதற்காக வாங்குகிறார் என்பதைப் பொறுத்து இங்கும் அப்படி நடக்கலாம். அதனால்தான் கருவியைச் செய்யும்போதே மேசையில் வேலை செய்கிறவர் உடன் இருக்க வேண்டும் என்கிறேன். அந்தத் தங்கைக்கு இப்போது மிச்சமாகும் நேரத்தில் அவர் முடிவுகளை இரண்டாம் முறை சரிபார்க்கிறார். முன்பு அதற்கு நேரமே இருந்ததில்லை. கருவி நின்றால் திறக்கிறவரும் அவர்தான். திருப்புளியைக் கையில் கொடுத்தபோது முதலில் தயங்கினார். இப்போது மேசை இழுப்பறையில் தனக்கென்று ஒரு செட் வைத்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று கேட்டுவிட்டு முடிக்கிறேன். 1947-ல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அம்மா டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், படித்தது மருத்துவம். பட்டறையும் மருத்துவமனையும் ஒரே வளாகத்தில் இருக்கலாம் என்பது இந்த ஊருக்குப் புதிய செய்தி இல்லை. நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. ஒரு மேசை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. அதில் ஒரு பக்கம் ஆய்வக நுட்பநர், ஒரு பக்கம் மில் ஃபிட்டர், ஒரு பக்கம் கல்லூரிப் பிள்ளைகள். நின்றுபோன ஒரு கருவியை யாராவது உறையோடு தூக்கி வரட்டும். பொட்டை அழிக்க வேண்டாம், உறையை மட்டும் எடுப்போம்.

நான்காவது பக்கத்து நாற்காலி பெரியவருக்கு. அவர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தட்டை நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, "அஞ்சாவது கொறையுது" என்று சொல்ல ஓர் ஆள் அந்த மேசையில் கட்டாயம் வேண்டும்.